எனக்கு எது முக்கியம்? கண்டுபிடிக்க ஆறு வழிகள், எது யாருக்குப் பொருந்தும்

"வாழ்க்கையில் உனக்கு எது முக்கியம்?" என்று கேட்டால் பதில் தெரியாதவர் யாரும் இல்லை. குடும்பம், நேர்மை, நிம்மதி என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவோம். அடுத்த கேள்விதான் கஷ்டம்: சரி, போன மாதம் அதற்காக எதை விட்டுக்கொடுத்தாய்? இந்த இடத்தில் பலருக்கும் வாயடைத்துப்போகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது.

வேலையை விடலாமா, ஊர் மாறலாமா, இந்த உறவைத் தொடரலாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்: "முதலில் உன் விழுமியங்கள் என்னவென்று தெரிந்துகொள்." எப்படித் தெரிந்துகொள்வது என்றால் ஆளுக்கொரு வழி. ஒருவர் சொற்பட்டியல் தருகிறார். இன்னொருவர் கேள்வித்தாளை நிரப்பச் சொல்கிறார். வேறொருவர் கடைசி நாளை நினைத்துப்பார் என்கிறார். எதில் தொடங்குவது என்பதே இன்னொரு குழப்பமாகிவிடுகிறது. "எதைத்தான் செய்வது?" என்று என்னிடம் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு வழிகளையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், சிலவற்றை நெருங்கியவர்களோடு உட்கார்ந்து.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். விழுமியம் என்று நான் சொல்வது, எப்படிப்பட்ட ஆளாக நடந்துகொள்ள விரும்புகிறோம் என்பதை. இலக்கு வேறு. பட்டம் வாங்குவது இலக்கு, கையில் வந்ததும் அது முடிந்துவிடும். கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விழுமியம், அதற்கு முடிவு கிடையாது. பயமும் வேறு. பயம் பல நேரம் விழுமியத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அதை ஆறாவது வழியில் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

நான்கு அளவுகோல்கள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, இந்த வழியில் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியுமா? நான் கேட்க விரும்பாத ஒன்றை இது என்னிடம் சொல்லுமா? இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். ஏற்கெனவே தெரிந்ததையே அழகாகத் திருப்பிச் சொல்லும் வழியால், முடிவெடுக்கும் நேரத்தில் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, மனத்துக்கு என்ன செலவு? சில வழிகள் பழைய காயத்தைக் கிளறிவிடும். மூன்றாவது, எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான்காவது, செயல் வரை கொண்டுபோய் விடுமா, இல்லை ஒரு நல்ல வார்த்தையோடு நின்றுவிடுமா?

## வழி 1: சொற்பட்டியலும் அட்டைகளும்

அதிகம் பேர் அறிந்த வழி இது. மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் 1973-இல் இரண்டு பட்டியல்கள் தந்தார். வாழ்க்கையில் எதை அடைய விரும்புகிறோம் என்பதற்கு 18 சொற்கள், எப்படி நடந்துகொள்ள விரும்புகிறோம் என்பதற்கு இன்னொரு 18. அவர் மதிப்பெண் போடச் சொல்லவில்லை, வரிசைப்படுத்தச் சொன்னார். அதில்தான் விஷயமே இருக்கிறது. மதிப்பெண் என்றால் எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடலாம். வரிசை என்றால் ஒன்று மேலே போக இன்னொன்று கீழே இறங்கியாக வேண்டும். பிறகு 2001-இல் வில்லியம் மில்லரும் அவருடைய சகாக்களும் 83 அட்டைகள் கொண்ட தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விழுமியம் இருக்கும். மிக முக்கியம், முக்கியம், முக்கியமில்லை என்று குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும்.

நான் அறுபது சொற்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் பரப்பி உட்கார்ந்தேன். முதல் சுற்றில் "மிக முக்கியம்" குவியலில் 41 காகிதங்கள் இருந்தன. 41-ஐப் பத்தாக்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆறை ஐந்தாக்குவதற்குள் வியர்த்துவிட்டது. ஒரு கையில் "சுதந்திரம்", இன்னொரு கையில் "குடும்பம்". வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுதந்திரத்தைக் கீழே வைத்தேன். அட்டை முறையில் உண்மையான வேலை நடப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே இதைச் செய்பவர்கள் பத்தில் நிறுத்திவிடாதீர்கள். ஐந்துக்கு வாருங்கள், முடிந்தால் மூன்றுக்கு.

மறைமுகச் செலவு என்ன? வேலை முடிந்துவிட்டது போன்ற ஒரு திருப்தி வந்துவிடும். என் பட்டியலில் குடும்பம், நேர்மை, கற்றல், உதவி, ஆரோக்கியம் என்று வந்தது. இன்று பார்த்தால், தெருவில் போகும் யாரிடம் நீட்டினாலும் "ஆமாம், எனக்கும் இதேதான்" என்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. காகிதத்தின் பின்பக்கத்தில் "இதற்காக நான் இழக்கத் தயாராக இருப்பது" என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். அந்த வரியை எழுத முடியாத காகிதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

தனக்குள் இருப்பதைச் சொல்ல வார்த்தையே கிடைக்காமல் திணறுபவருக்கு இது நல்ல தொடக்கம். கணவனும் மனைவியும் தனித்தனியாக அடுக்கிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்கும் இதைவிடச் சுலபமான வழி இல்லை. சண்டையில்லாமல் பேச்சைத் தொடங்கிவைக்கும்.

## வழி 2: கேள்வித்தாள்

ஆராய்ச்சிக்காக உருவான கேள்வித்தாள்களில் ஷாலோம் ஷ்வார்ட்ஸின் பணி அடித்தளமானது. 1992-இல் அவர் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். அவருடைய ஒரு கேள்வித்தாள் "உங்களுக்கு எது முக்கியம்?" என்று நேராகக் கேட்காது. இப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார், அவர் எந்த அளவுக்கு உங்களைப் போன்றவர் என்று கேட்கும். நேர்க்கேள்விக்குக் கொடுக்கும் ஒத்திகை பார்த்த பதில் இதற்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

அந்த வட்டம்தான் இதில் எனக்குப் பிடித்தது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். சொந்த வழியில் போவதும் புதுமையும் ஒரு பக்கம் என்றால், பாதுகாப்பும் மரபும் ஊரோடு ஒத்துப்போவதும் எதிர்ப்பக்கம். சாதனையும் அதிகாரமும் ஒரு பக்கம் என்றால், அடுத்தவர் நலனில் அக்கறை எதிர்ப்பக்கம். இது தெரிந்தால் "நான் ஏன் இப்படி இரண்டு பக்கமும் இழுபடுகிறேன், என்னிடம்தான் ஏதோ கோளாறா?" என்ற கவலை குறையும். எதிரெதிரான இரண்டையும் ஒருவர் உண்மையாகவே மதிக்கலாம். ஒரே நாளில், ஒரே முடிவில் இரண்டையும் முழுதாக வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் செய்யும் ஒரு வேலையை இங்கே கடன் வாங்கலாம். சிலர் எதைக் கேட்டாலும் உயர்ந்த மதிப்பெண் போடுவார்கள், சிலர் கஞ்சத்தனமாகப் போடுவார்கள். அதனால் ஒவ்வொருவரின் சொந்தச் சராசரியைக் கணக்கிட்டு, அதைவிட எது மேலே, எது கீழே என்று பார்ப்பார்கள். உங்கள் தாளிலும் அதைச் செய்யுங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட அந்த ஏற்ற இறக்கம்தான் பேசும்.

இணையத்தில் "விழுமியத் தேர்வு" என்று கிடைப்பவற்றில் பல, குணநலன்களின் வலிமையை அளப்பவை. 2004-இல் பீட்டர்சனும் செலிக்மனும் தொகுத்த 24 குணவலிமைகள் அந்த வகை. எதில் நீங்கள் வலுவானவர் என்பதும் எதை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பதும் ஒன்றல்ல. நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர் வாழ்நாள் முழுக்கக் கணக்கோடு இருக்க விரும்புவார் என்று யார் சொன்னது?

நேரம் குறைவு, மனத்துக்கும் அதிகம் வலிக்காது. ஆனால் செயலுக்கு வழிகாட்டாது. உள்ளே நடக்கும் இழுபறிக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

## வழி 3: பின்னோக்கிப் பார்ப்பது

ஒரே ஒரு வழியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒருவருடைய விழுமியம் எது என்பதற்கு, அதற்காக அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட விலையைவிட நல்ல சாட்சி கிடையாது.

செய்முறை இப்படி. கடந்த பத்து ஆண்டுகளில் நீங்கள் எடுத்த முடிவுகளில், எதையாவது இழந்து எடுத்த மூன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய முடிவாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரிகள்: எதை இழந்தேன், எதைக் காப்பாற்றிக்கொண்டேன். மூன்றையும் எழுதிவிட்டு, "காப்பாற்றிக்கொண்டது" என்ற வரிகளை மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் படியுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அது உங்கள் அட்டைக் குவியலில் இல்லாத சொல்லாகவும் இருக்கலாம்.

அடுத்து கோபம். சாதாரணக் கோபம் வேண்டாம். சின்ன விஷயத்துக்கு அளவுக்கு மீறி வந்த கோபத்தை எடுங்கள். என் நண்பர் ஒருவர் தயாரித்த அறிக்கையில் அவருடைய பெயரையே விட்டுவிட்டார்கள். "போனால் போகட்டும்" என்று அன்றைக்கே மறந்துவிட்டார். சில மாதம் கழித்து, அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண்ணின் பெயரை அதேபோல விட்டார்கள். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மேலதிகாரியிடம் போய், தன் பதவி உயர்வே கெடும் அளவுக்குப் பேசிவிட்டு வந்தார். தனக்குப் புகழ் முக்கியம் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். எளியவருக்கு அநியாயம் நடந்தால் தாங்க முடியாது என்பது இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

பொறாமையும் நல்ல தகவல் தரும், கொஞ்சம் பிரித்துப் பார்த்தால். ஒருவரைப் பார்த்து வயிறு எரிகிறது என்றால் அவரிடம் இருப்பதில் எந்தப் பகுதி என்று கேளுங்கள். அவருடைய சம்பளமா, சாயங்காலம் ஆறு மணிக்கு வேலையை மூடிவைக்க முடிகிறதே, அதுவா? முன்னது என்று நினைத்துக்கொண்டு பின்னதைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

மறைமுகச் செலவுகள் இரண்டு. முதலாவது நினைவின் குறைபாடு. டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும் காட்டியபடி, ஓர் அனுபவத்தை நாம் அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே நினைவில் வைக்கிறோம், அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கிட்டத்தட்டக் கணக்கிலேயே வருவதில்லை. அதனால் தினமும் ஓசையில்லாமல் நிறைவேறிக்கொண்டிருக்கும் விழுமியம் இந்த வழியில் அகப்படாது. வீட்டில் அமைதி இருக்கும்வரை அமைதி ஒரு நினைவாகவே பதியாது, மூச்சுக்காற்று போல. இரண்டாவது செலவு மனத்துக்கு. சோர்ந்திருக்கும் நேரத்தில் சோர்வான நினைவுகளே முன்னால் வந்து நிற்கும். அப்போது இதைச் செய்தால் "நான் எதையுமே சரியாகச் செய்யவில்லை" என்ற தீர்ப்புதான் மிஞ்சும், அது உண்மையாகவும் இருக்காது. அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களும் மன அழுத்தத்தில் இருப்பவர்களும் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். நம்பிக்கையான ஒருவரோ மனநல ஆலோசகரோ கூட இருக்கட்டும்.

## வழி 4: கடைசி நாளிலிருந்து திரும்பிப் பார்ப்பது

நீங்கள் இல்லாத ஒரு நாளில் உங்களைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று எழுதச் சொல்வார்கள். கண்ணீர் வரவழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏமாற்றிக்கொள்ள எளிதான வழி இது. தொலைவில் இருக்கும் நாளைப் பற்றி நினைக்கும்போது மனம் பொதுப்படையான, உயர்ந்த சொற்களிலேயே நினைக்கும். பக்கத்து நாளைப் பற்றி நினைக்கும்போதுதான் பேருந்து நேரம், கடன் தவணை எல்லாம் உள்ளே வரும். யாக்கோவ் டிரோப், நிரா லிபர்மன் என்ற இருவரின் ஆய்வுகள் இதை விளக்கமாகப் பேசுகின்றன. தவிர, அடுத்தவர் வாயால் நமக்குக் கிடைக்கும் பாராட்டைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அது நம் விழுமியமா, நல்ல பெயர் மேல் உள்ள ஆசையா என்று பிரிக்க முடியாது.

ஓர் ஆண்டு என்று காலத்தைச் சுருக்கிப் பாருங்கள். "இன்னும் ஓராண்டுதான் இந்த வேலையில் இருப்பேன் என்றால் எதைச் செய்யாமல் விட மாட்டேன்?" இது கூர்மையான கேள்வி. திரும்பப் பெற முடியாத முடிவின் முன்னால் நிற்பவருக்கு மட்டும் இந்த வழி உண்மையில் உதவும். துக்கத்தில் இருப்பவர் தொட வேண்டாம்.

## வழி 5: நேரக் கணக்கும் பணக் கணக்கும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் ஒவ்வோர் அரைமணி நேரமும் எங்கே போனது என்று எழுதுங்கள். மாதச் செலவையும் அதன் பக்கத்தில் வையுங்கள். அட்டையில் முதலிடம் பெற்றது இங்கே எந்த இடத்தில் இருக்கிறது?

என் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிப் பார்த்தேன். அட்டையில் முதலிடம் குடும்பத்துக்கு. இரண்டு வாரத்தில் அப்பாவோடு போனில் பேசியது மொத்தம் 11 நிமிடம். மூன்று அழைப்புகள். அதில் ஒன்று, அவருடைய மருந்துச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நான் பேசியது. அதே இரண்டு வாரத்தில் கைபேசியில் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது 19 மணி நேரம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த வழியும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

முதல் அளவுகோலில் இதுவே முதலிடம் என்று தோன்றும். இங்கேதான் நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். கணக்கு பொய் சொல்லாது, ஆனால் அது சொல்வது எப்போதும் உங்கள் விழுமியத்தைப் பற்றி இருக்காது, உங்கள் சூழ்நிலையைப் பற்றியும் இருக்கலாம். 1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. இறையியல் படிக்கும் மாணவர்களை இன்னொரு கட்டடத்துக்குப் போய் உரை நிகழ்த்தச் சொன்னார்கள். போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடந்தார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போ என்று அனுப்பியவர்களில் 10 விழுக்காட்டினர்தான் உதவினார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய கதையைப் பற்றித்தான் அவர்களில் பாதிப்பேர் பேசப் போனார்கள். அவர்களுக்கு இரக்கம் முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியுமா? அவசரம் அவர்கள் கண்ணை மறைத்துவிட்டது.

இதை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். 2003-இல் அனாட் பார்டியும் ஷ்வார்ட்ஸும், விழுமியத்துக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை என்று கண்டார்கள். மரபு, புதுமை நாட்டம் போன்றவற்றில் தொடர்பு வலுவாக இருந்தது. அடுத்தவர் நலன், பாதுகாப்பு, சாதனை போன்றவற்றில் மெலிதாகவே இருந்தது. சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு அழுத்துவதால், மனத்தில் இல்லாதவர்களும் அதையே செய்கிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே ஒரு விசேஷத்துக்குப் போனதையும் நன்கொடை கொடுத்ததையும் கணக்கில் பார்த்து "இது என் விழுமியம்" என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

இரண்டு வேலை பார்த்துக் குழந்தையை வளர்க்கும் ஒருவரின் நேரக் கணக்கில் குழந்தைக்கு அரைமணி நேரம்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வேலையும் யாருக்காக? இவரைப் போன்றவர்களிடம் இந்தக் கணக்கை நீட்டினால் குற்ற உணர்வைத்தான் கொடுப்போம். கணக்கில் ஒரு சின்னக் குறியைச் சேர்த்தால் இந்த அநியாயம் குறையும்: என் கையில் இருந்த நேரத்துக்கு ஒரு புள்ளி, என் கையில் இல்லாத நேரத்துக்கு ஒரு கோடு. புள்ளி வைத்த நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். என் 19 மணி நேரத்துக்கும் புள்ளிதான்.

## வழி 6: நெருங்கியவரைக் கேட்பது

தன் முதுகு தனக்குத் தெரியாது. சிமீன் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளுக்குள் இருக்கும் பதற்றம் போன்றவற்றைத் தன்னைப் பற்றித் தானே சொல்வது சரியாக இருந்தது. அறிவுத்திறன் போல நம் தன்மானத்தைத் தொடும் விஷயங்களில் நண்பர்கள் சொன்னதே சரியாக இருந்தது. விழுமியங்களை அவர் அளக்கவில்லை என்றாலும், தன்மானத்தைத் தொடுவதில் விழுமியத்தை மிஞ்சியது எது?

எனக்குத் தெரிந்த ஒருவர் அட்டையில் நேர்மையை முதலில் வைத்திருந்தார். தங்கையிடம், "நான் எதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன்னு நீ நினைக்கிற?" என்று கேட்டார். தங்கை யோசிக்கவே இல்லை. "அக்கா, யாரும் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லிடக் கூடாது. அதுக்காக நீ எதை வேணும்னாலும் விட்டுக்கொடுப்ப." இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே போன் செய்து, "எப்போ எப்போன்னு சொல்லு" என்று கேட்டார். தங்கை மூன்று சம்பவங்கள் சொன்னாள். மூன்றும் உண்மை.

முன்னால் சொன்ன பயம் இதுதான். நேர்மை என்று அவர் எழுதிவைத்ததில் பாதி, பழி வந்துவிடுமோ என்ற பயம். பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: யாருக்கும் எப்போதும் தெரியவராது என்றாலும் இதைச் செய்வேனா? ஆம் என்றால் அது உங்களுடையது. தயக்கம் வந்தால் உள்ளே பயம் கலந்திருக்கிறது. கலந்திருந்தால் தவறில்லை, எது எவ்வளவு என்று தெரிந்திருந்தால் சரி.

செலவு வெளிப்படையானது: உறவில் விரிசல் வரலாம். உங்களால் ஆதாயம் அடைபவரைக் கேட்காதீர்கள். அவருக்கு வசதியான விழுமியத்தையே உங்களுக்குச் சூட்டுவார். கட்டுப்படுத்தும் வீட்டில் இருப்பவர்கள் இந்த வழியை அடியோடு விட்டுவிடலாம். இரண்டு பேரிடமாவது கேளுங்கள், "எப்போது பார்த்தாய்?" என்று சம்பவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சம்பவம் இல்லாத பதில் வெறும் அபிப்பிராயம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஏமாற்றிக்கொள்ள முடியுமா | மனச்செலவு | நேரம் | செயலுக்கு உதவுமா |
|---|---|---|---|---|
| அட்டை | எளிதாக | குறைவு | ஒன்றிரண்டு மணி | பின்பக்க வரி எழுதினால் |
| கேள்வித்தாள் | ஓரளவு | மிகக் குறைவு | அரைமணி | இல்லை |
| பின்னோக்கு | கடினம் | அதிகம் | இரண்டு மூன்று மாலைகள் | ஆம் |
| கடைசி நாள் | மிக எளிதாக | அதிகம் | ஒரு மணி | பெரிய முடிவுக்கு மட்டும் |
| கணக்கு | மிகக் கடினம் | நடுத்தரம், சிலருக்கு அதிகம் | இரண்டு வாரம் | நன்றாக |
| நெருங்கியவர் | கடினம் | கேட்கும் ஆளைப் பொறுத்து | ஓர் உரையாடல் | ஓரளவு |

## அப்படியானால் நீங்கள் எதைச் செய்யலாம்

வேலை, இடம், உறவு என்று ஏதோ ஒரு முடிவின் வாசலில் நிற்கிறீர்களா? பின்னோக்கிப் பாருங்கள், பிறகு கடைசி நாள் கேள்வியை ஓராண்டாகச் சுருக்கிக் கேளுங்கள். முடிவு ஒன்றும் முன்னால் இல்லை, ஆனாலும் ஏதோ ஒட்டாமல் வாழ்வது போல இருக்கிறது என்பவருக்கு நேரக் கணக்குதான். எனக்கு எல்லாமே தெரியும், ஆனால் எதுவும் மாறவில்லை என்பவர் நெருங்கியவரைக் கேட்கட்டும். சொல்லே கிடைக்கவில்லை என்றால் அட்டை. மனம் உடைந்திருக்கும் நேரம் என்றால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் சீராகட்டும், இது காத்திருக்கும்.

ஆறையும் செய்ய வேண்டாம். அடுத்த தேர்வு, அடுத்த பட்டியல் என்று போய்க்கொண்டே இருப்பதும் முடிவைத் தள்ளிப்போடும் ஒரு வழியாகிவிடும். இரண்டு போதும், ஆனால் இரண்டும் வேறு வேறு வகையாக இருக்கட்டும்: ஒன்று நீங்கள் சொல்வது, ஒன்று உங்கள் வாழ்க்கை சொல்வது. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் வேலை இருக்கிறது.

## முரண்பாடு தெரிந்த பிறகு

கெல்லி வில்சன் என்ற உளவியலாளரின் கேள்வித்தாளில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. குடும்பம், நட்பு, வேலை, உடல்நலம் என்று பத்துத் துறைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்கள்: எவ்வளவு முக்கியம், கடந்த வாரம் அதன்படி எவ்வளவு நடந்தேன். எந்தத் துறையில் இடைவெளி பெரிதோ அங்கே தொடங்கலாம். எல்லா இடைவெளியையும் ஒரே நேரத்தில் அடைக்கப் பார்ப்பவர் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுவார், நான் பார்த்தவரை.

தலைகீழ் மாற்றமா, சின்னச் செயலா என்ற கேள்வியிலும் நான் சின்னச் செயலின் பக்கம். வேலையை விடுவது போன்ற பெரிய மாற்றத்தில், விட்டது விழுமியத்துக்காகவா, களைப்பினாலா என்பது தெரியாமலே போய்விடும். சின்னச் செயலைச் செய்து பார்த்தால் அந்த விழுமியம் உண்மையிலேயே உங்களுடையதா என்பதும் தெரிந்துவிடும். "இனிமேல் அடிக்கடி பேசுவேன்" என்று வைத்துக்கொள்ளாமல், எது நடந்ததும் எதைச் செய்வேன் என்று முடிச்சுப் போட்டுவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி முடிச்சுப் போட்டவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பதில் தெளிவான முன்னேற்றம் இருந்தது.

என்னுடையது இது: செவ்வாய், வெள்ளி இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் அப்பாவுக்குப் போன். கைபேசி அதுவரை வேறு அறையில். முதல் இரண்டு அழைப்புகளில் என்ன பேசுவது என்றே இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாவதில், முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்த்ததையும் யாரிடமும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னார். ஆறாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் தாமதமாகக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டு, "இன்னைக்கு வேலை ஜாஸ்தியாப்பா?" என்றார்.